"எல்லாம்" என்றது தந்தி: அரசுப் பொறியாளர் ஓகானரின் கதை

1891இல் நியூசிலாந்திலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கேள்வி போனது. தலைமைப் பொறியாளர் பதவி தருவதாகச் சொல்கிறீர்களே, அந்த வேலை ரயிலுக்கா, துறைமுகத்துக்கா, சாலைக்கா? காலனியின் பிரதமர் ஜான் ஃபாரஸ்ட் அனுப்பிய பதில் ஒரே சொல்: எல்லாம்.

கேட்டவர் சார்லஸ் யெல்வர்ட்டன் ஓகானர். அயர்லாந்துக்காரர், அப்போது வயது 48. நியூசிலாந்து அரசுப் பணியில் 26 ஆண்டுகள் கழித்தவர். அந்த ஒற்றைச் சொல்லை நம்பிக் கப்பலேறியவர் அடுத்த பதினோரு ஆண்டுகளில் ஒரு துறைமுகத்தையும், பாலைவனத்துக்குள் ஒரு ரயில் பாதையையும் முடித்தார். சுமார் 560 கிலோமீட்டர் தூரம் தண்ணீரை மேட்டில் ஏற்றிச் செல்லும் குழாயையும் முடிக்கும் தறுவாய்க்குக் கொண்டுவந்தார். குழாயில் தண்ணீர் போய்ச் சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை.

ஆஸ்திரேலியாவில் இந்தக் கதையை மேதைக்கும் மூடர்களுக்கும் நடந்த சண்டையாகச் சொல்வது வழக்கம். கோப்புகளின் வழியாகப் பார்த்தால் வேறொன்று தெரியும். அரசு வேலையில் ஒரு திட்டத்தைக் காப்பாற்ற அளவுகளும் மதிப்பீடுகளும் போதும். திட்டத்தைப் போட்ட ஆளைக் காப்பாற்ற மேலே ஒரு அமைச்சர் இருக்க வேண்டும். ஓகானருக்குக் கடைசிவரை முதலாவது இருந்தது. இரண்டாவது 1901இல் போய்விட்டது.

பஞ்சத்து நாட்டுப் பிள்ளை

அவர் 1843 ஜனவரி 11 அன்று மீத் கவுண்டியில் கிரேவல்மவுண்ட் என்ற பண்ணை வீட்டில் பிறந்தார். இரண்டு வயதில் உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கியது. குடும்பம் பட்டினி கிடந்த குடும்பம் அல்ல, ஓரளவு வசதியானது. ஆனால் குத்தகைக்காரன் செத்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நிலத்துக்காரனுக்கும் வருமானம் நின்றுவிடும். சிறுவன் வாட்டர்ஃபோர்டில் பள்ளிக்குப் போனான். 1859இல், பதினாறு வயதில், சலோனர் ஸ்மித் என்ற ரயில் பொறியாளரிடம் தொழில் பழகச் சேர்ந்தான்.

அந்தக் காலத்தில் பொறியாளராகப் பெரும்பாலும் இதுதான் வழி. பட்டம் தேவையில்லை. ஒருவரிடம் சில ஆண்டுகள் சேர்ந்து, சங்கிலி பிடித்து அளந்து, மட்டம் பார்த்து, வரைபடம் நகலெடுத்து, மண் வெட்டின கணக்கை எழுதி எழுதித் தேற வேண்டும். ஓகானர் அயர்லாந்தில் ஆறு ஆண்டுகள் ரயில் பாதைகளிலும் தடுப்பணைகளிலும் வேலை செய்தார். ரயிலும் நீரும் என்ற இந்தச் சேர்க்கை பின்னால் அவருக்குக் கைகொடுத்தது. அயர்லாந்தில் தொழில் கற்றவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற வேலை இல்லை. காலனிகளில் வேலை குவிந்து கிடந்தது, ஆள் இல்லை. 1865இல் நியூசிலாந்துக்குக் கிளம்பினார்.

அவர் போன நேரம் நல்ல நேரம். தென் தீவின் மேற்குக் கரையில் தங்கம் கிடைத்திருந்தது. கிழக்குக் கரையிலுள்ள கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து அங்கே போக நடுவில் தென் ஆல்ப்ஸ் மலைத்தொடர் நிற்கிறது. தங்கம் வேறு ஊர்த் துறைமுகத்துக்குப் போய்விடக் கூடாது என்று கேன்டர்பரி மாகாண அரசு ஆர்தர் கணவாய் வழியாக ஹோகிடிகாவுக்குக் கோச்சு வண்டிச் சாலை போட முடிவெடுத்தது. எட்வர்ட் டாப்சன் தலைமையில் குளிர்காலத்திலும் வேலை நடந்தது. 1866இல் வண்டி ஓடத் தொடங்கியது. ஓகானர் அதில் உதவிப் பொறியாளர். பாறையை உடைத்துச் சரிவில் சாலை போடுவதும், மழைக்கு அறுத்துக்கொண்டு போகும் ஆறுகளைச் சமாளிப்பதும் அங்கே பழகியது.

பிறகு மேற்குக் கரையிலேயே பல ஆண்டுகள் இருந்தார். அந்தக் கரையில் தங்கம் எடுப்பதே தண்ணீரை வைத்துத்தான். மலையிலிருந்து வாய்க்கால் வெட்டி, மரத்தொட்டிகளில் பள்ளத்தாக்குகளைத் தாண்டி, அழுத்தத்தோடு சரளை மண்ணின் மேல் பாய்ச்சிக் கரைப்பார்கள். இந்த வாய்க்கால்களில் சிலவற்றை அரசே கட்டித் தண்ணீரை விலைக்கு விற்றது. தங்கவயலுக்கு அரசு தண்ணீர் விற்கலாம், அதன் வருவாயில் போட்ட முதலை மீட்கலாம் என்ற கணக்கு, மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டித் தங்கவயலுக்குக் குழாய்த் திட்டம் போடும் முன்பே அவருக்குப் பழக்கம். இதை அவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர்கள் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் எண்ணம்.

கிரேமவுத், வெஸ்ட்போர்ட் என்ற இரண்டு ஆற்று முகத்துவாரத் துறைமுகங்களும் அந்தக் கரையில்தான் உள்ளன. அவற்றுக்குத் திட்டம் போட்டுத் தந்தவர் லண்டனின் புகழ்பெற்ற துறைமுகப் பொறியாளர் சர் ஜான் கூட். அந்தப் பெயர் பின்னால் வரும்.

1883இல் ஓகானர் பொதுப்பணித் துறையின் துணைச் செயலர் ஆனார். ஏழு ஆண்டுகள் நிர்வாக வேலை. 1890இல் தலைமைப் பொறியாளர் பதவி காலியானதும் அது தனக்கு வரும் என்று எதிர்பார்த்தார். பிளேர் என்பவருக்குக் கொடுத்தார்கள். ஓகானருக்குக் கடற்பணிப் பொறியாளர் என்ற பதவி கிடைத்தது. குழந்தைகள் நிறைந்த குடும்பம், நாட்டில் மந்தம், செலவுக் குறைப்பு. அடுத்த ஆண்டு ஃபாரஸ்டின் அழைப்பு வந்தபோது தயங்கக் காரணம் எதுவும் இல்லை.

மணல் நகருமா?

மேற்கு ஆஸ்திரேலியாவுக்குத் தன்னாட்சி கிடைத்தது 1890இல். இந்தியாவின் முக்கால் பங்குக்கும் மேலான பரப்பு, 1891 கணக்கெடுப்பில் ஐம்பதாயிரத்துக்கும் குறைவான மக்கள். (பழங்குடியினரைக் கணக்கில் முழுதாகச் சேர்க்காத காலம் அது.) லண்டனிலிருந்து வரும் தபால் கப்பல்கள் தலைநகர் பெர்த்துக்கு வராமல் தெற்கே வெகுதூரத்திலிருந்த ஆல்பனியில் நின்றுவிட்டுப் போயின. பெர்த்தின் கடல்வாசலான ஃப்ரீமாண்டிலில் ஸ்வான் ஆறு கடலில் கலக்கிறது. ஆனால் வாயில் சுண்ணாம்புப் பாறை குறுக்கே படுத்திருந்தது. கப்பல்கள் வெளியே திறந்த கடலில், காற்றிலும் அலையிலும், நீண்ட மரப்பாலத்தின் முனையில் கட்டிச் சரக்கு இறக்கின.

ஆற்றின் வாயைத் திறப்பதுதானே நேரான வழி என்று தோன்றும். வேண்டாம் என்று இரண்டு முறை அறிக்கை கொடுத்திருந்தவர் சர் ஜான் கூட். அவர் சொன்ன காரணம் லேசானதல்ல. கரையை ஒட்டி அலை மணலைத் தள்ளிக்கொண்டே போகும். கடலுக்குள் சுவர் நீட்டினால் மணல் சுவரோரம் குவிந்து, பிறகு முனையைச் சுற்றி வந்து வாயை அடைத்துவிடும். ஆண்டு முழுவதும் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். உலகில் பல துறைமுகங்களுக்கு நேர்ந்தது அதுதான். ஃபாரஸ்டும் தெற்கே ஓவன் நங்கூரத் துறையில் செலவு குறைந்த ஏற்பாடு ஒன்றையே விரும்பினார்.

புதிதாக வந்த அரசு ஊழியர் உலகப் புகழ் ஆலோசகரையும் தன் பிரதமரையும் ஒரே நேரத்தில் மறுக்க வேண்டியிருந்தது. ஓகானர் மணல் நகர்வை அளந்தார். ராட்னெஸ்ட், கார்டன் தீவுகளும் கடலடிப் பாறைத் தொடர்களும் அந்தக் கரைக்கு வேலிபோல நிற்கின்றன. அதனால் கூட் அஞ்சிய அளவுக்கு மணல் ஓட்டம் இல்லை என்பது அவர் முடிவு. ஆற்றின் உள்ளே கட்டினால் துறைமுகம் எந்தக் காற்றுக்கும் பாதுகாப்பு. ரயிலும் கப்பலோரம்வரை வரும். நாடாளுமன்றக் குழுவின் முன் எண்களை வைத்தார். 1892இல் ஃபாரஸ்ட் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். மதிப்பீடு சுமார் எட்டு லட்சம் பவுண்டு.

அந்த ஆண்டு நவம்பரில் வேலை தொடங்கியது. வடக்கிலும் தெற்கிலும் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள். பக்கத்திலேயே சுண்ணாம்புக் கல் கிடைத்தது. குவாரியிலிருந்து தண்டவாளம் போட்டு, சுவரின் மேலேயே தள்ளுவண்டிகளை ஓட்டி, முனையில் கல்லைக் கொட்டிக் கொட்டிச் சுவரை நீட்டினார்கள். நடுவில் சிறு கல்லும் துகளும், அலை அடிக்கும் வெளிமுகத்தில் பெரும் பாறைகளும் போக வேண்டும். வரிசை மாறிப் பெருங்கல் போடும் முன் புயல் வந்தால் நடுவயிறு கரைந்துவிடும். வாயிலிருந்த பாறையில் துளையிட்டு வெடிவைத்துத் தகர்த்தார்கள். உள்ளே 30 அடி ஆழத்துக்குத் தூர்வாரினார்கள். 1897 மே 4 அன்று சுல்தான் என்ற நீராவிக் கப்பல் உள்ளே வந்தது. 1900இல் தபால் கப்பல்கள் ஆல்பனியை விட்டு ஃப்ரீமாண்டிலுக்கு மாறின. கூட் சொன்ன மணல் இன்றுவரை வாயை அடைக்கவில்லை.

தகர்த்த அந்தப் பாறை வெறும் தடை அல்ல. அந்த நிலத்தின் பழங்குடியினரான விஜுக் நூங்கர் மக்கள் ஆற்றைக் கடந்த இடம் அது. அவர்களுடைய மரபில் அதற்குப் பொருள் உண்டு. அவர்களிடம் அனுமதி கேட்கும் எண்ணமே அந்தக் காலத்து அரசுக்கு இருந்ததில்லை. ஓகானரின் மரணத்துக்கு நூங்கர்களிடையே தனி விளக்கமே வழங்கிவருகிறது.

ரயிலுக்கே தண்ணீர் இல்லை

1892இல் கூல்கார்டியில் தங்கம். 1893 ஜூனில் கால்கூர்லியில் இன்னும் பெரிய தங்கம். அதைக் கண்ட பேடி ஹனனும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் அயர்லாந்துக்காரர்களே. பத்தே ஆண்டில் காலனியின் மக்கள்தொகை 1,84,000 ஆனது. ரயில்களின் பொறுப்பும் ஓகானரிடம்தான். பாதை 1894இல் சதர்ன் கிராஸ், 1896 மார்ச்சில் கூல்கார்டி, செப்டம்பரில் கால்கூர்லி என்று எட்டியது.

மலையேற்றத்தை எளிதாக்க டார்லிங் குன்றுத் தொடரில் புதுப் பாதையும் ஸ்வான் வியூ குகைப்பாதையும் 1896இல் திறக்கப்பட்டன. அந்தக் குகையில் ஒரு குறை தங்கிவிட்டது. பாறை விரிசல் விரிசலாக உதிர்ந்ததால் உள்ளே செங்கல் கட்ட வேண்டியதாயிற்று. அதனால் வாய் குறுகியது. மேடேறும் எஞ்சின் அந்தச் சின்னக் குழாய்க்குள் புகை கக்கியபோது ஓட்டுநர்கள் மூச்சுத் திணறினார்கள். பல ஆண்டுகள் கழித்து உயிர்ச்சேதமும் நடந்தது.

ரயில் போனதும்தான் தண்ணீர்ப் பிரச்சினையின் உண்மையான அளவு துறைக்குத் தெரிந்தது. நீராவி எஞ்சின் நிலக்கரியைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் குடிக்கும். வறண்ட பகுதியில் எஞ்சினுக்கான தண்ணீரையே ரயிலில் ஏற்றிப் போக வேண்டியிருந்தது. சரக்கு ஏற்ற வேண்டிய வண்டி தனக்கு வேண்டிய தண்ணீரைச் சுமந்தது.

தங்கவயலில் நிலைமை இன்னும் மோசம். மழை குறைவு, ஆறு கிடையாது. தோண்டினால் வருவது உப்பு நீர். அதைக் கொதிகலனில் காய்ச்சி, நீண்ட தகரக் குழாயில் ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடித்து விற்றார்கள். விறகுக்காக ஊரைச் சுற்றிக் காடு அழிந்தது. ஒரு காலன் தண்ணீர், அதாவது சுமார் நாலரை லிட்டர், ஷில்லிங் கணக்கில் விற்றது. கோடையில் பல ஷில்லிங். குளிக்கத் தண்ணீர் இல்லாத கூடார ஊர்களில் டைபாய்டு கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொண்டுபோனது.

கருங்கல் பாறைகளின் அடியில் சுற்றுச்சுவர் கட்டி மழைநீரைத் தொட்டிகளில் தேக்கினார்கள். அந்தச் சுவர்களைக் கோதுமைப் பகுதியில் இன்றும் பார்க்கலாம். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. ஆழ்துளை போட்டும் பயன் இல்லை. அடியில் இருப்பது பழங்காலக் கருங்கல்; ஊற்று நீர் தேங்க இடமே கிடையாது. மிச்சமிருந்தது ஒரே வழி: மழை பெய்யும் மேற்குக் குன்றுகளில் அணை கட்டி, அங்கிருந்து தள்ளுவது.

கால் அங்குலத் தகட்டின் கணக்கு

1896 ஜூலையில் ஓகானர் அறிக்கை தந்தார். நாளொன்றுக்கு ஐம்பது லட்சம் காலன், அதாவது ஏறத்தாழ 2.3 கோடி லிட்டர். 30 அங்குல விட்டமுள்ள எஃகுக் குழாய். பெர்த்துக்குக் கிழக்கே முண்டாரிங்கில் ஹெலனா ஆற்றின் குறுக்கே அணை. செலவு 25 லட்சம் பவுண்டு. அன்று காலனியின் ஓராண்டு வருவாயும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆயிரம் காலனை 3 ஷில்லிங் 6 பென்ஸுக்கு விற்றால் நடப்புச் செலவு, வட்டி, கடன் தவணை எல்லாம் கட்டுப்படியாகும் என்பது மதிப்பீடு.

ஏன் 30 அங்குலம்? இந்த அளவு நீர் அந்தக் குழாயில் நொடிக்கு இரண்டடிக்கும் சற்றுக் குறைவான வேகத்தில், மனிதன் மெல்ல நடப்பதைவிட மெதுவாகத்தான் ஓடும். அணையில் புறப்பட்ட நீர் கால்கூர்லி சேரப் பதினோரு நாளுக்கு மேல் ஆகும். சின்னக் குழாய் போட்டால் எஃகு மிச்சம்; ஆனால் வேகம் கூடும், வேகத்தின் இருமடியை ஒட்டி உராய்வு ஏறும், நிலக்கரி கொள்ளை போகும். பெரிய குழாய் போட்டால் நேர்மாறு. வட்டியையும் நிலக்கரியையும் இரண்டு தட்டில் வைத்து நிறுத்துக் கண்ட அளவு அது.

தண்ணீர் ஏற வேண்டிய உயரம் ஆயிரம் அடிக்கு மேல். உராய்வையும் உயரமாக மாற்றிக் கூட்டினால் எந்திரங்கள் தள்ள வேண்டியது கிட்டத்தட்ட இரு மடங்கு. அவ்வளவையும் ஒரே இடத்திலிருந்து தள்ளினால் அந்த அழுத்தத்துக்குக் குழாயின் கால் அங்குலத் தகடு கிழிந்துவிடும். தகட்டைத் தடிமனாக்கினால் எஃகின் விலை திட்டத்தையே கொன்றுவிடும். ஆகவே எட்டு நீரேற்று நிலையங்கள்: ஒவ்வொன்றும் அடுத்த நிலையத்தின் தொட்டிவரை தள்ளும், அங்கிருந்து அடுத்தது எடுத்துக்கொள்ளும். லண்டனில் கேரதர்ஸ், டீக்கன், அன்வின் என்ற மூன்று பொறியாளர்கள் கொண்ட குழு இந்தக் கணக்கை 1897இல் சரிபார்த்தது. இவர்களில் கேரதர்ஸ் ஒரு காலத்தில் நியூசிலாந்தின் தலைமைப் பொறியாளராக இருந்தவர்.

முதல் நான்கு நிலையங்களில் மும்மூன்று பம்புகள்: இரண்டு ஓடும், ஒன்று கைவசம் நிற்கும். கடைசி நான்கில் இரண்டிரண்டு: ஒன்று ஓடும், ஒன்று நிற்கும். மொத்தம் 20. எல்லாம் லண்டன் ஜேம்ஸ் சிம்ப்சன் கம்பெனி செய்தவை. ஒரு நிலையம் நின்றால் வரிசை முழுவதும் நிற்கும் என்பதால் மாற்று எந்திரம் இல்லாமல் ஒரு நிலையமும் இருக்கக் கூடாது.

குழாய்தான் புதுமை. அதுவரை எஃகுக் குழாயைத் தகட்டை வளைத்து, ஓரங்களில் துளையிட்டு ரிவெட் எனும் ஆணி அடித்துச் செய்வார்கள். ரிவெட் துளைகள் தகட்டைப் பலவீனமாக்கும், ஒழுகும், உள்ளே துருத்தும் தலைகள் நீரை உரசும். மெல்போர்னில் மெஃபன் ஃபெர்குசன் கண்டுபிடித்த முறையில் ரிவெட்டே இல்லை. 28 அடி நீளமுள்ள இரண்டு தகடுகளை அரைவட்டமாக வளைக்க வேண்டும். நீளவாட்டு ஓரங்களை நசுக்கித் தடிமனாக்க வேண்டும். இரு ஓரங்களும் சேரும் இடத்தில் இருபக்கமும் வாய் திறந்த எஃகுப் பட்டை ஒன்றைப் பொருத்தி, எந்திரத்தில் அழுத்தி வாயை மூட வேண்டும். தடித்த ஓரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஒரு குழாயின் எடை ஒரு டன்னுக்கு மேல்; இப்படி 60,000க்கும் அதிகமான குழாய்கள். தகடு ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தது. பெர்த் அருகே ஃபெர்குசனும், சிட்னியின் ஹாஸ்கின்ஸ் நிறுவனமும் ஆலை போட்டு ஒப்பந்தத்தைப் பாதிப் பாதியாகச் செய்தன.

நீளவாட்டு மூட்டு தீர்ந்தது. குழாயும் குழாயும் சேரும் மூட்டு பாக்கி. அங்கே எஃகு வளையத்தை மாட்டி, இடைவெளியில் சணல் திணித்து, உருகிய ஈயம் ஊற்றி, ஆறியதும் உளியால் அடித்து இறுக்க வேண்டும். ஈயம் ஆறும்போது சுருங்கும், அடிக்காவிட்டால் ஒழுகும். அறுபதாயிரம் மூட்டுகளையும் கையால் அடிப்பதென்றால் ஆளுக்கு ஆள் தரம் மாறும். கௌஸ்டன் என்பவர் மின்சாரத்தால் ஓடும் இறுக்கும் எந்திரம் ஒன்றைச் செய்திருந்தார். அந்த எந்திரம்தான் பின்னால் வினையானது.

அணையிலும் சோதனை. 1898இல் அடித்தளம் தோண்டும்போது பாறையில் பெரிய பிளவு தென்பட்டது. அப்படியே மேலே கட்டினால் நீர் அடிவழியே கசிந்து சுவரை ஒருநாள் தூக்கிவிடும். பிளவைத் தேடிச் சுமார் 90 அடி ஆழம் படுகைக்குக் கீழே தோண்டி, அழுகிய பாறையை எடுத்துவிட்டு, கான்கிரீட்டால் நிரப்பிக்கொண்டு மேலே வந்தார்கள். படுகைக்கு மேலே நிற்கும் சுவரின் உயரம் 100 அடி. கண்ணுக்குத் தெரியாத அணை ஏறக்குறைய அதே அளவு கீழே கிடக்கிறது. அதற்கான செலவையும் தாமதத்தையும் விமர்சகர்கள் கவனமாகக் குறித்துக்கொண்டார்கள்.

அமைச்சர் போனபின்

திட்டத்தை எதிர்த்தவர்கள் எல்லாரும் மூடர்கள் அல்லர். தங்கம் தீர்ந்தால் கடனை யார் கட்டுவது என்பது நியாயமான கேள்வி. கடன் திரட்டவே லண்டன் சந்தையில் இழுத்தது. தண்ணீர் மேடேறாது என்று எழுதியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. ஆனால் பொறியாளர் ஊழல்வாதி என்று ஒரு ஞாயிறு இதழ் வாரந்தோறும் அச்சிட்டபோது பதில் சொல்ல வேண்டியிருந்தது. அரசு ஊழியர் பத்திரிகைக்கு எழுத முடியாது. அவருக்காகச் சபையில் அமைச்சர் பேச வேண்டும்.

பத்தாண்டுகள் ஃபாரஸ்ட் பேசினார். 1901இல் ஆஸ்திரேலியக் காலனிகள் ஒன்றிணைந்ததும் அவர் கூட்டாட்சி அமைச்சராகப் போய்விட்டார். பெர்த்தில் ஒரே ஆண்டில் ஆட்சிக்குப் பின் ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்களுக்கு இது முந்தைய அரசின் திட்டம். குறை கண்டால் லாபம், கைகொடுத்தால் எதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து மூட்டு இறுக்கும் வேலையை இலாகா தானே செய்வதா, எந்திரம் செய்த கௌஸ்டனின் கூட்டணிக்கு ஒப்பந்தம் விடுவதா என்ற கேள்வி எழுந்தது. ஒப்பந்தம் விடலாம் என்று பரிந்துரைத்த இலாகாப் பொறியாளர் ஒருவருக்கு ஒப்பந்தக்காரரோடு நில வியாபாரத் தொடர்பு இருந்தது தெரியவந்தது. ஓகானருக்கு அதில் பங்கில்லை. ஆனால் துறைமுகம், ரயில், குழாய் என்று எல்லாவற்றையும் தன் மேசைக்கு வாங்கிக்கொண்டவர் கீழே உள்ளவரின் கையெழுத்தைத் தினமும் கண்காணிக்க முடியாது. 1891இல் வந்த அந்த "எல்லாம்" என்ற சொல்லின் விலை இங்கேதான் தெரிந்தது. 1902 பிப்ரவரியில் ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணைக் குழுவை அமைத்தார்கள். தெற்கு ஆஸ்திரேலிய அரசுக்குத் துறைமுக ஆலோசனை சொல்ல ஓகானர் அடிலெய்டு போயிருந்த சமயத்தில் விவகாரம் முற்றியிருந்தது.

மார்ச் மாதம் முதல் கட்டச் சோதனையில் தண்ணீர் மேடேறியது. மார்ச் 10 காலை, குதிரையில் ஃப்ரீமாண்டில் தெற்குக் கடற்கரைக்குப் போன ஓகானர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 59. விட்டுச்சென்ற குறிப்பில், பதற்றமான பெரிய வேலைக்கு நடுவே மூன்று விசாரணைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதையும், தன் எண்ணங்கள் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்பதையும் எழுதியிருந்தார். கூல்கார்டித் திட்டம் சரியாகவே இருக்கிறது என்றார். தேதிக்குக் கீழே ஒரு வரி: ஹெலனா அணைக்குப் பக்கச் சுவர்களை உடனே கட்டுங்கள்.

பக்கச் சுவர் என்பது அணையின் இரு முனைகளிலும் கரையைக் காக்கும் சுவர். நிரம்பி வழியும் நீர் சுவரோரம் மண்ணை அரித்துச் சுற்றிக்கொண்டு போகாமல் தடுப்பது அதுதான். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

விசாரணை அவர்மேல் ஊழல் எதையும் நிறுவவில்லை. பாமர் என்ற பொறியாளர் வேலையை முடித்தார். 1902 டிசம்பரில் நீர் கூல்கார்டியை எட்டியது. 1903 ஜனவரி 24 அன்று நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய வெயிலில் ஃபாரஸ்ட் காலையில் கூல்கார்டியிலும், பிற்பகல் கால்கூர்லியின் சார்லட் குன்றுத் தொட்டியிலும் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

குறைகள் பிறகுதான் வந்தன, யாரும் சொல்லாத பக்கத்திலிருந்து. வெயிலில் எஃகு நீண்டு சுருங்கினால் ஈய மூட்டு பிரிந்துவிடும் என்பதால் குழாயைப் பள்ளத்தில் இட்டு மண் மூடியிருந்தார்கள். அந்த மண்ணில் உப்பு இருந்தது. வெளியே உப்பும், உள்ளே நீரில் கரைந்த ஆக்சிஜனும் தகட்டைத் தின்றன. துருக் கட்டிகள் உள்சுவரைச் சொரசொரப்பாக்கி உராய்வைக் கூட்டின. சில ஆண்டுகளுக்குள் ஒழுகல் பெரிய தலைவலி ஆனது. 1930களில் குழாயைத் தோண்டியெடுத்துத் தரைக்கு மேல் தாங்கிகளில் வைத்து, மூட்டுகளைப் பற்றவைத்து, உட்புறம் சிமெண்ட் பூசினார்கள். நெடுஞ்சாலையோரம் இன்று பயணிகள் படம் எடுக்கும் குழாய் அப்படி மேலே வந்ததுதான்.

இன்னொரு தவறு அணையின் நீர்ப்பிடிப்பில் நடந்தது. மரங்கள் தண்ணீரைக் குடித்துவிடுகின்றன, அவற்றைக் கொன்றால் அணைக்கு அதிக நீர் வரும் என்று ஓகானருக்குப் பின் வந்தவர்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரில் மரங்களின் பட்டையை வளையமாக உரித்தார்கள். நீர் கூடத்தான் செய்தது. கூடவே, வேர்கள் அதுவரை அடியிலேயே பிடித்து வைத்திருந்த உப்பும் நிலத்தடி நீரோடு ஏறி ஓடைகளில் வந்தது. சில ஆண்டுகளில் அணைநீரின் உப்பளவு உயர்வதை அளந்து பார்த்துவிட்டு, உரித்த இடத்தில் மறுபடி காடு வளர விட்டார்கள்.